ஐந்து மணிக்காரி

அறை இருநூற்றுப் பதினாலின் கதவில்
ஒட்டுநாடாவில் தொங்குகிறது ஒரு தாள்.
செவ்வாய் நான்கு: மாக்கினென்.
செவ்வாய் ஐந்து: நான்.
பென்சில் எழுத்து.
இங்கே யாருடைய நேரத்தையும் மையால் எழுதுவதில்லை.

டுலூத்தில் நவம்பர் வந்தால்
நாலரைக்கே இருட்டிவிடும்.
நடைவழி வெப்பக்குழாயின் மேல்
கையுறைகளைக் காயப்போட்டுவிட்டு
தரையில் உட்கார்ந்து
அடுத்தவர் பாடத்தின் கடைசி அரைமணியைக் கேட்பேன்.

தனிப்பாடம் என்று பேர்.
கதவின் கனம் ஒன்றரை அங்குலம்.
ஓபோவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

கணக்கு இதுதான்:
வாரம் ஒரு மணிநேரம், பதினான்கு வாரம்.
வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம் பயிற்சி செய்தேனென்று
பச்சை நோட்டில் எழுதி
நானே கையெழுத்துப் போடவேண்டும்.
பதினைந்து என்று எழுத
நான்கு விநாடி ஆகிறது.

செமஸ்டர் முடிவில்
மேசைக்குப் பின்னால் மூன்று பேர், எட்டு நிமிடம்.
கிண்ணத்திலிருந்து ஒரு சீட்டு எடுக்கச் சொல்வார்கள்.
அதில் எந்த ஸ்கேல் இருக்கிறதோ
அதுதான் தலையெழுத்து.

மாக்கினெனுக்கு ஐம்பத்திரண்டு வயது.
இரும்புத்தாது ஏற்றும் துறையில்
இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர்.
ஆசிரியை செல்மாவுக்கு இருபத்தொன்பது.
மினியாபொலிஸிலிருந்து பேருந்தில் வருவாள்,
பையில் இரண்டு அவித்த முட்டையோடு.
தலைக்கு இவ்வளவு என்று சம்பளம்.

"உதட்டைக் கடிக்காதீங்க."
"கடிக்கலையே."
வாரம் தவறாமல், அதே குரலில், இருவரும்.
செப்டம்பரில் அவர் வாசிப்பு
மூடுபனியில் வழி கேட்கும் கப்பல்.
அக்டோபரில் ஒருநாள்
அந்த நீளமான 'ஜி'
நடுங்காமல் நின்றது.
நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

கத்தி, நூல், நாணல்.
சீவாளி சீவும் சத்தமும் கதவு தாண்டி வரும்.
"கரையுதா பாருங்க" என்பாள்.
இரண்டு முறை வெறும் காகம்.
மூன்றாம் முறை
காகத்துக்குக் கொஞ்சம் சுருதி வந்திருக்கும்.

ஒன்பதாம் வாரம் பனிப்புயல்.
மாக்கினென் வரவில்லை.
முந்தின நாளே சொல்லாவிட்டால்
பாடம் போனது போனதுதான்;
விதிமுறை, பக்கம் மூன்று.
ஆனாலும் உள்ளே ஓபோ.

எட்டுக் கட்டம். ஏழாவதில் சறுக்கல்.
மறுபடி. ஏழாவதில் சறுக்கல்.
பதினொரு தடவை எண்ணினேன்.
ஒரு கெட்ட வார்த்தை.
பன்னிரண்டு.

நான் சறுக்கும் அதே இடம்.
"விரல் இல்ல, மூச்சு" என்று
எனக்கு அவள் சொன்ன இடம்.

ஐந்துக்குத் தட்டினேன்.
ஸ்டாண்டில் இருந்த தாளை அவள் கவிழ்ப்பதற்குள்
மேல்வரி கண்ணில் பட்டுவிட்டது:
வேறு ஊர், ஓர் ஆர்க்கெஸ்ட்ரா,
ஒரே ஒரு காலியிடம், தேர்வுத் தேதி.

"நோட்டக் காட்டு."
காட்டினேன். பதினைந்து.
பிறகு ஏனோ
அவள் பென்சிலை வாங்கி அதை அடித்துவிட்டு
நாற்பது நிமிடம் என்று எழுதினேன்.
செல்மா வெகுநேரம் பார்த்தாள்.
திட்டவில்லை. பாராட்டவும் இல்லை.
"சரி. அந்த நாற்பது நிமிஷத்த வாசி."

டிசம்பரில் கிண்ணத்திலிருந்து எனக்கு வந்தது
எஃப் ஷார்ப் மைனர்.
தப்பினேன் என்றுதான் சொல்லவேண்டும்.
மாக்கினெனுக்கு சி மேஜர்.
வெளியே வந்து
சுவரில் சாய்ந்தபடி
சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

செல்மாவின் தேர்வு என்ன ஆயிற்று?
அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஜனவரியில் அதே பேருந்திலிருந்து இறங்கினாள்,
அதே முட்டைப் பையோடு.

கதவில் புதுத் தாள்.
மாக்கினெனுக்கு இப்போது
ஒரு பள்ளி வாத்தியக்குழுவில் பிற்பகல் வேலை.
"நேரத்த மாத்திக்கலாமா?" என்றார்.
நான்கு எனக்கு வந்தது.

நாலரை இருக்கும்.
நடைவழியில்
கனத்த பூட்ஸ் கழற்றும் சத்தம்,
ஒன்று, இன்னொன்று.
அப்புறம் அசைவே இல்லை.

ஏழாவது கட்டத்துக்கு முன்னால்
மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.